இஞ்சிக் கதையை நான் சொல்லிவிட்டேன்

ஏனுங்க, உங்களைத்தான்.

இப்படிக் கூப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உண்மையைச் சொன்னால் அதற்கு முன்பும் பல வருஷங்களாகக் கூப்பிட்டதில்லை. "சாப்பாடு எடுத்து வெச்சிருக்குது" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவதுதான் நம் வீட்டில் பேச்சாக இருந்தது. கடிதம் என்றால் முதலில் அன்பாக ஒரு வார்த்தை வேண்டும் என்பதற்காக, கல்யாணமான புதிதில் கூப்பிட்ட மாதிரி கூப்பிட்டிருக்கிறேன். இனி வரும் வரிகளில் அந்த அன்பைத் தேட வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு முதலாண்டு நினைவுக் கூட்டம் நடந்தது. ஃபேர்லேண்ட்ஸில் நம் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிற மண்டபம். வாசலில் பெரிய பேனர். நீங்கள் கையை முஷ்டி பிடித்து உயர்த்தியிருக்கிற படம், அதற்குக் கீழே உங்களை எல்லோருக்கும் தெரிய வைத்த அந்த இரண்டு சொல்: ‘ஜிஞ்சர் அப்!’ நான் மேடையேறிப் பேசினேன். கேட்டவர்களில் பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். உங்கள் தம்பி, "செத்தவன இப்பிடி அவமானப்படுத்தலாமா அண்ணி" என்று கேட்டுவிட்டுப் போனவர் இன்னும் போன் எடுக்கவில்லை. கேட்கிறவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். அவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

ஆரம்பத்திலிருந்து வருகிறேன். திருச்செங்கோட்டில் ஒரு டுடோரியலில் நீங்கள் ஆங்கில வாத்தியார். நான் ஜலகண்டாபுரத்து டவுன் பஸ் கண்டக்டர் மகள், ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்தவள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு நீங்கள் பேசிய பேச்சில் என் அப்பாவே இரண்டு தரம் சிரித்தார். அப்பா லேசில் சிரிக்கிற ஆள் இல்லை. கூட்டத்தைப் பார்த்தால் உங்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதை நான் மறுக்கவில்லை. அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நானும் சம்மதித்தேன்.

செவ்வாய்ப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர், தன் மகன் உங்களிடம் படித்த பழக்கத்தில், காலையில் கடை திறப்பதற்கு முன் வந்து வேலை செய்கிற பெண்களுக்குப் பத்து நிமிஷம் ஏதாவது பேசச் சொன்னார். பிள்ளைகள் சோர்ந்து சோர்ந்து நிற்கிறார்கள், கொஞ்சம் உற்சாகம் ஏற்றிவிடுங்கள் என்றார். நானும் கூட வந்தேன். பாதி ஷட்டர் தூக்கியிருந்த கடைக்குள் முப்பது பெண்கள் ஒரே நிறப் புடவையில் வரிசையாக நின்றார்கள். என்ன பேசுவது என்று உங்களுக்கும் தெரியாது. கையில் டீ டம்ளர் இருந்தது, இஞ்சி டீ. பாடப்புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்த ஆங்கில வினைப் பட்டியலில் ஒன்று உங்களுக்கு ஞாபகம் வந்தது. ‘ஜிஞ்சர் அப்’ என்றால் உற்சாகமூட்டு.

அது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் சொன்னீர்கள். இங்கிலாந்தில் பனி கொட்டும் காலத்தில் சிப்பாய்கள் போர்வையை விட்டு எழ மாட்டார்களாம். ஒரு கேப்டன் தன் கையாலேயே இஞ்சி தட்டி டீ போட்டு ஒவ்வொருவருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாராம். குடித்ததும் எல்லோரும் துள்ளி எழுந்து சண்டைக்குப் போய் ஜெயித்தார்களாம். அந்த டீயிலிருந்துதான் இந்த வார்த்தை வந்ததாம். நின்ற இடத்தில் உண்டாக்கிய கதை. முப்பது பெண்களும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதற்கப்புறம் டுடோரியல் எதற்கு? கடைகள், நூல்மில்கள், போர்வெல் ரிக் கம்பெனி ஆபீஸ்கள், பள்ளிக்கூடங்கள். கூட்டம் தொடங்கும்போது எல்லோருக்கும் பேப்பர் கப்பில் இஞ்சி டீ. நீங்கள் ‘ஜிஞ்சர்’ என்று கத்தினால் கூட்டம் ‘அப்’ என்று கத்த வேண்டும். மில் பெண்கள் ஆம்பிளை சொன்னால் எழுந்து குதிக்கக் கூச்சப்பட்டார்கள் என்று என்னை மேடையேற்றினீர்கள். நான் முதலில் கைதட்டி, முதலில் குதித்து, முதலில் சிரித்துக் காட்ட வேண்டும். சரவணனும் இன்னும் இரண்டு பேரும் உங்களிடம் வேலைக்குச் சேர்ந்தார்கள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. பிடிக்கவில்லை என்று இப்போது பொய் சொல்ல மாட்டேன்.

எம்.ஃபில். படிக்க ஆசைப்பட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு சின்னச் சொல் சேர்ந்து சம்பந்தமே இல்லாத மூன்றாவது அர்த்தம் தருகிற ஆங்கில வினைகளைப் பற்றி எழுதலாம் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். நம் சோற்றுக்கே வழி காட்டிய சொல்லாயிற்றே என்று முதலில் இதைத்தான் தேடினேன். பழைய அகராதிகளில் தேடத் தேட, சிப்பாயும் இல்லை, கேப்டனும் இல்லை, டீயும் இல்லை.

குதிரை இருந்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் குதிரைச் சந்தைக்குக் கிழட்டுக் குதிரையையோ நோய்க் குதிரையையோ ஓட்டிவருகிற தரகர்கள், விற்பதற்குச் சற்று முன்னால் இஞ்சியைத் தோல் சீவி அதன் ஆசனவாயில் செருகிவிடுவார்களாம். எரிச்சல் தாங்காமல் அது வாலைத் தூக்கும், நின்ற இடத்தில் நிற்காமல் காலை மாற்றி மாற்றி வைக்கும், தலையை நிமிர்த்தும். வாங்க வந்தவன், அடேயப்பா என்ன சுறுசுறுப்பு என்று பிடித்துக்கொண்டு போவான். இஞ்சிக்கு முன்பு உயிரோடு விலாங்கு மீனை வைத்ததாகக்கூட இருநூறு வருஷத்துக்கு மேல் பழைய ஓர் அகராதியில் இருந்தது. இந்த வேலைக்கு அன்றைக்கு இருந்த வேறொரு சொல்லையே ஒருவருக்கு ஊக்கம் கொடுப்பதற்கும் வழங்குகிறார்கள் என்று அதற்குக் கீழேயே போட்டிருந்தது. குதிரையிலிருந்து மனிதனுக்கு வர அதிக தூரம் இல்லை போல. பிறகு இஞ்சியும் பேச்சுக்கு ஏறியது, அரசியலுக்கு ஏறியது. அமெரிக்காவில் கிளப்பிவிடுவதை ‘ஜின் அப்’ என்கிறார்களே, அதுவும் இதன் சுருக்கமாக இருக்கலாம் என்கிறார்கள். இல்லை, இன்ஜின் என்ற சொல்லின் வால் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். அது மட்டும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு உங்களிடம் இதைச் சொன்னேன். நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். சிரித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதைய எவங்கிட்டயும் சொல்லிப்போடாத ரேவதி. குதிரைக் கதைய சொன்னா எவன் கைதட்டுவான்?" என்றீர்கள். அப்ப டீக் கதை பொய்யுங்களே என்றேன். "கேக்க நல்லா இருக்குதல்ல? போதும்" என்றீர்கள். நானும் சிரித்தேன். எம்.ஃபில். குறிப்புகளை மூடி வைத்ததும் அந்த மாதம்தான். நிகழ்ச்சிகள் அவ்வளவு இருந்தன.

உண்மையை மறைத்ததோடு நீங்கள் நிறுத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் இருக்காது. அதை நம் ஆட்களுக்குள் விளையாட்டாக்கினீர்கள். கூட்டம் உட்கார்ந்ததும் மேடைக்குப் பின்னால் சரவணனிடம், "இஞ்சி வெச்சாச்சா?" என்று கேட்பீர்கள். டீ கொடுத்தாகிவிட்டதா என்று கேட்பதாக வெளியாட்கள் நினைப்பார்கள். நாம் நாலைந்து பேர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அந்தப் பக்கம் திரைக்கு வெளியே, ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்த பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்.

அப்பா ஒரே ஒரு தரம் நம் நிகழ்ச்சிக்கு வந்தார், ராசிபுரத்துக்கு. கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எல்லோரும் எழுந்து குதிக்கச் சொன்னபோது அவர் மட்டும் எழவில்லை. முட்டி வலிக்குதுங்க மாப்பிள்ளை என்று உங்களிடம் சொல்லிவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது என்னிடம், "அந்தப் புள்ளைங்க மூஞ்சியப் பாத்தியா சாமி? கை மட்டுந்தான் முழிச்சிருக்குது" என்றார். நான் அதை உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் அவரைக் கிண்டல் செய்வீர்கள் என்று பயந்தேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். குமாரபாளையம் பக்கம் ஒரு மில். முந்நூறு பெண்கள். காலையில் கிளம்பும்போதே, அப்பாவுக்கு இரண்டு நாளாக மூச்சு இழுக்கிறது என்று என் தம்பி செந்தில் சொன்னான், நான் ஊருக்குப் போகிறேன் என்றேன். நிகழ்ச்சியை முடித்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்தே போகலாம் என்றீர்கள். எப்போதும் போல எல்லோருடைய போனையும் வாங்கி உங்கள் பையில் போட்டுக்கொண்டீர்கள். பத்தரைக்கு நான் மேடையேற வேண்டும். அதற்குச் சற்று முன்னால் நீங்களே இஞ்சி டீயைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தீர்கள். வழக்கமாக அதெல்லாம் சரவணன் வேலை. "இன்னைக்குக் கலக்கிப்போடணும் சாமி" என்றீர்கள். பல மாதங்களுக்கு அப்புறம் உங்கள் வாயில் செல்லமாக ‘சாமி’ வந்ததே என்று எனக்கு அத்தனை சந்தோஷம்.

அன்றைக்கு நான் ஆடினதுபோல் என்றைக்கும் ஆடியதில்லை. முந்நூறு பேரையும் எழுப்பினேன். குதிக்க வைத்தேன். கடைசியில் ஐந்து நிமிஷம் நிறுத்தாமல் கைதட்ட வேண்டும். யார் முதலில் நிறுத்துகிறார்களோ அவர்கள் தோற்றார்கள் என்று அறிவித்து நானே முன்னால் நின்று தட்டினேன். நீங்கள் பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் முகத்தில் அந்த வெளிச்சம் இருந்தது. எப்படி இருந்தது? இன்றைக்கும் எனக்குப் புரியாதது அதுதான்.

ஒரு மணிக்கு மேல் காரில் ஏறியதும், மாமாவுக்குக் கொஞ்சம் முடியலையாம், போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றீர்கள். போனைக் கேட்டேன். சார்ஜ் இல்லை என்றீர்கள். ஜலகண்டாபுரத்தில் அப்பா வீட்டுத் தெருமுனையில் திரும்பும்போதே பந்தலைப் பார்த்தேன். வாசலில் பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மகள் வராமல் எடுக்கக் கூடாது என்று அம்மா பிடிவாதமாகச் சொல்லி, குளிப்பாட்டாமல் வைத்திருந்தார்கள். செந்தில் என்னைப் பார்த்ததும் அழுதுகொண்டே, "ஏக்கா, பத்து மணிக்கே மச்சான்கிட்டச் சொன்னனே. இந்நேரம் வரைக்கும் எங்க இருந்தீங்க?" என்று கேட்டான்.

நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள்.

அம்மா என் இரண்டு கையையும் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கை இரண்டும் கன்றிச் சிவந்திருந்தது. "என்ன சாமி, கை இப்பிடிச் சுடுது?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. காலையிலிருந்து சிரித்த வாய், அது பாட்டுக்கு அந்தக் கோணத்திலேயே நின்றுவிட்டது போல இருந்தது. ஒரு பெரியம்மா, பாரு, அப்பன் செத்ததுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா என்று என் காதில் விழும்படியே சொன்னாள்.

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த பிறகுதான் உங்களிடம் கேட்டேன். பத்து மணிக்கே தெரியுமுங்களா என்று மட்டும் கேட்டேன். நீங்கள் தயங்கவேயில்லை.

"தெரியும். முன்னாடியே சொல்லியிருந்தா மேல ஏறியிருப்பியா? போனவரு போயிட்டாரு. அங்க முந்நூறு பேரு உக்காந்திருந்தாங்க."

அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. நீங்கள் எப்போதும் குரலை உயர்த்துகிறவர் இல்லை. அடித்திருந்தால், கத்தியிருந்தால், அம்மா வீட்டுக்குப் போவதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். ஒரு மன்னிப்பு கேட்டிருந்தால் இருந்துவிடுவதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். நீங்கள் இரண்டையும் தரவில்லை.

நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று செந்தில் இன்னும் கேட்கிறான். மேடையேறுவதை விட்டேன், ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சராகச் சேர்ந்தேன், அதே வீட்டில் உங்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். எட்டு வருஷம். என் இடத்துக்கு வேறொரு பெண்ணைக் கொண்டுவந்தீர்கள். அவளுடைய போனும் உங்கள் பைக்குள்தான் போனது. நான் அவளை ஒரு தரமாவது தனியாகக் கூப்பிட்டு, போனை நீயே வெச்சுக்க கண்ணு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உங்கள் மீது இருந்த வெறுப்பில் உங்களைச் சுற்றி இருந்த யாரையும் நான் பார்க்கவில்லை.

பிறகு கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். மூன்று மாதத்தில் பாதி ஆளாகிவிட்டீர்கள். ஆஸ்பத்திரியில் உங்களுக்கு வாய் துடைத்துவிட்டேன், துணி மாற்றினேன், கால் பிடித்துவிட்டேன். பார்த்தவர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். பாசத்தால் செய்தேனா, செய்ய வேண்டியதை முகம் சுளிக்காமல் செய்தேன் என்று உங்களுக்குக் காட்டுவதற்காகச் செய்தேனா, எனக்கே தெரியவில்லை.

இப்போது சொல்லப்போவது உங்களுக்குத் தெரியும். உங்களையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் போன மாதம் வரை தெரியாது.

சாவதற்கு நாலு நாள் முன்னால், மத்தியானம், சரவணனும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். நம் கம்பெனிப் பெயர் போட்ட மஞ்சள் டீ-ஷர்ட் ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். நீங்கள் அதைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் பேசி, கடைசியில் கையை உயர்த்தி அந்த இரண்டு சொல்லைச் சொன்னால் வீடியோ எடுத்து எல்லா மில்லுக்கும் அனுப்பலாம் என்றார்கள். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். அவர்களுக்குப் புரியவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து, அவர்களுக்குக் கேட்காத குரலில், "வேண்டாம்னு சொல்லு ரேவதி. என்னால முடியல" என்றீர்கள்.

நான் திரும்பி அவர்களிடம், "கொஞ்சம் இருங்க, சட்டைய மாத்திவிடறேன்" என்றேன்.

உங்கள் முகம் அப்போது எப்படி மாறியது என்பதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் செய்தேன். கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கினேன். ஊசி குத்தியிருந்த கையை மெல்ல நுழைத்து டீ-ஷர்ட்டைப் போட்டுவிட்டேன். தலையைச் சீவினேன். குனிந்து உங்கள் காதில், "அவ்வளவு தூரத்துலிருந்து வந்து உக்காந்திருக்காங்க" என்றேன். உங்களுக்குப் புரிந்துவிட்டது. என் கண்ணையே ஒரு நிமிஷம் பார்த்தீர்கள், பிறகு போன் பக்கம் திரும்பினீர்கள், சிரித்தீர்கள், பேசினீர்கள், கையை உயர்த்தினீர்கள். கை நடுங்கியது. அந்த நடுக்கத்தைத்தான் ஊரே பார்த்து அழுதது. சாகும் வரைக்கும் என்ன உற்சாகம், மனுஷன்னா இவர்தான் என்று எழுதி எழுதி அனுப்பினார்கள். உங்கள் சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் அந்த வீடியோவைப் பற்றித்தான் பேசினார்கள்.

அவர்கள் போன பிறகு டீ-ஷர்ட்டைக் கழற்றும்போது நீங்கள் அழுதீர்கள். வலி என்று நினைத்து நர்ஸ் ஊசி போட்டார். எனக்கு உள்ளுக்குள் என்ன இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன்: நிம்மதியாக இருந்தது. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன். அந்த நிம்மதி ஒரு நாள்கூட நிற்கவில்லை. அடுத்த நாள் நீங்கள் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டீர்கள். அறைக்குள் நான் வந்தால் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நாலாம் நாள் மூடிய கண் திறக்கவில்லை.

போன மாதம் சரவணன் வீட்டுக்கு வந்து, முதலாண்டுக் கூட்டத்தில் நான் அந்தக் கேப்டன் டீக் கதையைச் சொல்ல வேண்டும், நான் முடித்ததும் வீடியோவைப் பெரிய திரையில் போடப்போகிறோம் என்றார். வீடியோ வேண்டாம் என்றேன். ஏனுங்க்கா என்றார். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்று முழுவதையும் சொன்னேன். சரவணன் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். "அது யாருக்குந் தெரியாதல்லங்க்கா. பாக்க நல்லா இருக்குது, போட்டுக்கலாம்" என்றார். உங்கள் குரலே என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. அப்போது முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. எல்லோர் கையிலும் இஞ்சி டீ. நான் மைக்கைப் பிடித்து, சிப்பாய்க் கதை என் வீட்டுக்காரர் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடைக்குள் நின்றுகொண்டு உண்டாக்கியது என்று ஆரம்பித்தேன். சிரித்தார்கள். குதிரையைச் சொன்னேன். சிரிப்பு குறைந்தது. மேடைக்குப் பின்னால் நாங்கள் பேசிச் சிரித்ததைச் சொன்னேன். என் அப்பா செத்த அன்றைக்கு நான் கைதட்டியதைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நான் செய்ததையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. முதலில் எழுந்தவர் உங்கள் தம்பி.

நடு வரிசையில் வளர்மதி எழுந்து நின்றார். அந்த முதல் நாள், செவ்வாய்ப்பேட்டைக் கடையில் நின்ற முப்பது பெண்களில் ஒருவர். இப்போது ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், இன்னும் ஜவுளிக்கடை வேலைதான். "அப்ப எங்களுக்கு வெச்சதும் அதானுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. நானுஞ் சேந்துதானுங்க வெச்சேன்" என்றேன்.

"அன்னைக்கு எங்கூட்டுல புள்ளைக்கு அம்மை போட்டிருந்ததுங்க. லீவு கேட்டுத்தான் நின்னனுங்க. நீங்க ரெண்டு பேரும் வந்துட்டீங்க" என்றார். திட்டுகிற குரல் இல்லை. கையில் இருந்த பேப்பர் கப்பை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவர் பின்னால் நான் ஓடிப்போய் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். லீவு கிடைக்காமல் நின்ற ஒருவரை நாம் கைதட்ட வைத்தோம், அவர் நமக்காகச் சிரித்துவிட்டுப் போனார். பிள்ளைக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்றுகூட நான் கேட்கவில்லை.

வீடியோவை அவர்கள் போடவில்லை. போட முடியாமல் போய்விட்டது, அவ்வளவுதான். எல்லோர் போனிலும் அது இருக்கத்தான் செய்கிறது. நான் அழித்தது என் போனில் இருந்ததை மட்டும்.

இன்னொரு செய்தி, உங்களுக்குப் பிடிக்கும். சரவணன் கம்பெனியை மூடப்போவதில்லை. பெயரை மட்டும் மாற்றுகிறார். வியாழக்கிழமை போன் செய்தார். கோபத்தில் இருப்பார் என்று நினைத்தால், குரல் பழையபடி இருந்தது. ‘ரெவ் அப்’ என்று வைக்கலாம் என்று இருக்கிறார்களாம். லாரியும் ரிக்கும் ஓடுகிற ஊர், நன்றாகப் பொருந்தும் என்றார். "அதுக்கும் எதாச்சுங் கெட்ட கதை இருக்குதுங்களாக்கா?" என்று கேட்டார். இல்லை, இன்ஜின் சுற்றுகிற கணக்குத்தான் என்றேன். வண்டி நகராமல் நிற்கும்போதும் அதைச் செய்யலாம், புகை மட்டும் வரும் என்றேன். அவர் சிரித்துவிட்டு, இதைக் குறித்துக்கொள்கிறேன் என்றார். நீங்கள் நன்றாகத்தான் பழக்கியிருக்கிறீர்கள்.

உங்களைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல முடியாதா என்று எனக்கு நானே கேட்டுப்பார்த்தேன். உங்கள் நிகழ்ச்சி ஒன்றில் முதல் தடவையாக ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் முழுசாகப் பேசிவிட்டு அழுத ஒரு மில் பெண்ணை எனக்குத் தெரியும். அந்தச் சந்தோஷத்தில் பொய் இல்லை, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த மாதிரி ஒன்றிரண்டு பேரை வைத்துத்தான் நீங்கள் மற்ற எல்லாவற்றையும் உங்களுக்கே நியாயமாக்கிக்கொண்டீர்களா? அப்பா செய்தி வந்தபோது ஒரு நொடியாவது என்னைக் கூப்பிடலாம் என்று தோன்றியதா? தோன்றி, வேண்டாம் என்று விட்டீர்களா, தோன்றவேயில்லையா? இரண்டில் எது என்று தெரிந்தால் எனக்கு உங்களை வெறுப்பது சுலபமாக இருக்கும். சொல்லாமலேயே போய்விட்டீர்கள்.

உங்களுக்கு நான் செய்தது பழிக்குப் பழி என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். கணக்கு நேராகிவிட்டதே, இனி மன்னித்துவிடு என்கிறாள் பக்கத்து வீட்டு அக்கா. அப்படி ஒன்றும் நேராகவில்லை. நீங்கள் செய்தது அப்படியே இருக்கிறது. நான் செய்தது அதன் பக்கத்தில் தனியாக இருக்கிறது. உங்களுடையதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. என்னுடையதற்கு நான் கேட்கிறேன். அன்றைக்கு நீங்கள் வேண்டாம் என்றபோது அவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். தப்பு செய்துவிட்டேன்.

அடுத்த வாரம் உங்களுக்குத் திதி. ஐயரிடம் சொல்லியாகிவிட்டது, உங்கள் தம்பி வராவிட்டாலும் செய்வேன். பத்து பேர் நடுவில் நிற்கும்போது அழுகை வந்தால் அழுவேன், வராவிட்டால் சும்மா நிற்பேன். யார் என்ன சொன்னாலும் வராததை வரவழைக்க மாட்டேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உங்களை மன்னிக்கிற மனசு எனக்கு என்றைக்காவது வந்தால், அன்றைக்கே உங்கள் படத்துக்கு முன்னால் வந்து நின்று சொல்வேன். வராவிட்டால், வந்துவிட்டதாக உங்களிடம்கூட நடிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஜலகண்டாபுரம் கண்டக்டர் அய்யாவு மகள்,
உங்களுக்கு மனைவியாகவும் இருந்தவள்,
ரேவதி